பதில் சாயந்திரம்தான்

அந்த டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் கேள்விக்குறி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாட்ஸ்அப் குழுவில் அவள் கேட்டுத் தள்ளிய கேள்விகளைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். வீட்டிலும் இதே கதைதான். செருப்பு வாங்கப் போனால்கூடக் கடையிலிருந்து அக்காவுக்குப் படம் அனுப்பிக் கேட்பாள். "கால் உன்னுதுடி" என்பாள் அக்கா.

அந்தக் குழுவை டாக்டர்களுக்குப் பாடம் நடத்தவென்று தலைமை டாக்டர் தொடங்கியிருந்தார். காலையில் ஒரு ஈசிஜியோ எக்ஸ்ரேயோ வரும். நோயாளியின் பெயரை மறைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். கீழே 'இது என்ன?' என்று மட்டும் இருக்கும். விடை தெரிந்தவர்கள் கை தூக்கும் இமோஜியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் சாயந்திரம்தான். மற்றவர்களும் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது.

ஒருநாள் மதியம் கை கால் துவண்டுபோன ஒருவரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தாள். ஈசிஜியைப் பார்த்த கேள்விக்குறிக்குத் தலை சுற்றியது. மாரடைப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மாரடைப்புக்கு ஊசி போட்டு, அது மாரடைப்பே இல்லை என்றால்? போடாமல் விட்டு, அதுவேதான் என்றால்? சீனியர் டாக்டர் வேறொரு வார்டில் மாட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று படமெடுத்து, பெயரை ஒழுங்காக மறைத்து, 'இது என்ன?' என்று குழுவில் போட்டாள். பழக்க தோஷம்.

ஒரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. மளமளவென்று திரை முழுக்கக் கைகள். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. 'அவசரம்' என்று எழுதினாள். கேள்விக்குறிக்கு என்றைக்குத்தான் அவசரம் இல்லை என்று யாரோ சிரித்துவைத்தார்கள். தப்பு தன்மேலா, அவர்கள்மேலா என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நோயாளியின் நாடி தளர்ந்துகொண்டே போனது. பயத்தை விழுங்கிக்கொண்டு தலைமை டாக்டருக்கே போன் போட்டாள்.

"நல்ல கேஸ்மா. சாயந்திரம் பேசலாம், அவங்களும் யோசிக்கட்டும்."

"மேடம், அவர் என் முன்னாடி படுத்திருக்கார்."

எதிர்முனையில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கு. கால்சியம் ஊசி போடு, இப்பவே. நான் வரேன்."

போட்டாள். ஈசிஜி கோடுகள் கண்ணெதிரே ஒழுங்குக்கு வந்தன. ஆள் பிழைத்துக்கொண்டார். ஓடி வந்த தலைமை டாக்டர் யாரையும் திட்டவில்லை. யாரைத் திட்டுவதென்று அவருக்கும் தெரியவில்லை.

சாயந்திரம் வழக்கம்போல் குழுவில் பதில் வந்தது. அருமையான கேஸ் என்று பாராட்டு குவிந்தது. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று விளங்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் வார்டுக்குப் போனாள். நோயாளியின் மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழுவில் எல்லா டாக்டர்களும் பார்த்ததை நர்ஸ் சொன்னாளாம்.

"அத்தனை டாக்டருங்களும் ஒரே நேரத்துல இவரைப் பாத்தாங்களாமே. நாங்க குடுத்து வெச்சவங்கம்மா."

"ஆமாம்மா, எல்லாரும் பாத்தாங்க" என்றாள் கேள்விக்குறி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.