டெலிபோனுக்குப் பூசிய எண்ணெய்

கர்த்தர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகிற மனிதர்களில் பாதிப் பேரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது. உட்லண்ட்ஸில் ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் கல்லூரியில் புகுமுக வகுப்பின் கடைசி வருடம். பல்கலைக்கழகம் போய் சிவில் என்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை. காரணம், எங்கள் சபை மூப்பர் இஸ்ரவேல். அவருடைய மைத்துனரின் சரக்கு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. எனக்காகவே கர்த்தர் அதைக் காலியாக வைத்திருக்கிறார் என்று மூப்பர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவார். வாரம் தவறாமல் வருவார். அப்பாவும் தலையாட்டுவார்.

அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு நாகரிகம் வந்து சேர்ந்தது. அதுவரை என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று மாணவர்களுக்குச் சொல்ல ஓர் ஆலோசகர் நேரில் வருவார். இனி வரமாட்டார் என்று முதல்வர் அறிவித்தார். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே டெலிபோனில் பேச வேண்டுமாம். நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் கேள்வி கேட்பாராம். நாங்கள் சொல்லும் பதிலைக் கம்ப்யூட்டரில் தட்டுவாராம். எந்த வேலைக்கு நாங்கள் லாயக்கு என்று அது சொல்லிவிடுமாம். ஏதோ தானே அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் மாதிரி முதல்வர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். முகம் பார்த்துப் பேச ஓர் ஆளை அனுப்பத் துப்பில்லை, அதற்கு இத்தனை ஜம்பம்!

ஆனால் அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. அவர் வாழ்க்கையில் நம்பியது இரண்டைத்தான். ஒன்று கர்த்தர், இன்னொன்று கிரேனில் எடை காட்டுகிற முள்.

"மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது. அது என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன் கிரேசு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கும் நம்பிக்கை வந்தது. பதில் சொல்லப்போவது நான்தானே? அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குக் கிடைத்த நேரம் ஒரு சனிக்கிழமை மாலை. அன்றைக்குப் பார்த்து வாராந்தர வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. ஹாலில் பாய் விரித்து சபையார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டெலிபோனும் ஹாலில்தான். "கொஞ்ச நேரம் எல்லாரும் காரிடாரில் நிற்க முடியுமா?" என்று கேட்டேன். யாரும் அசையவில்லை. உளுந்துவடை இன்னும் வந்திருக்கவில்லை.

மூப்பர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஜெப எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். எங்கள் சபையில் புது வீடு, புது சைக்கிள், காய்ச்சல்காரன் நெற்றி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. என் நெற்றியில் பூசுவார் என்று குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய் டெலிபோனைக் கையில் எடுத்தார்.

"ஆண்டவரே, இந்தக் கருவியை உம்முடைய வாயாகப் பயன்படுத்தும்!"

வாய் என்றதும் பேசுகிற பக்கத்தில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் தாராளமாகச் சாய்த்தார். ஆப்பச் சட்டிக்குக்கூட அம்மா அவ்வளவு ஊற்றமாட்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "ஐயா, அது டெலிபோன்" என்று சொல்லவில்லை.

நான் எண்களைச் சுழற்றினேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல் எடுத்தது. என் பெயரைச் சொன்னேன்.

"ஹலோ? யார் பேசறது? கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

கத்தினேன். இன்னும் கத்தினேன். எண்ணெய் என் முகவாயில் வழிந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்கவில்லை. மூப்பர் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். அவர் கீழே தரைத்தளத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னால் பக்கத்து புளோக்கில் குழந்தை விழித்துக்கொள்ளும். அந்தக் குரல் எண்ணெயையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரே பதில் சொன்னார். கணக்கு பிடிக்குமா? பிடிக்காது. வெளியே போய்ச் செய்கிற வேலையா, உட்கார்ந்து செய்கிற வேலையா? உட்கார்ந்து. அடக்கமான பிள்ளை. தைப்பாள். நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் தீர்ப்பு சொன்னது. அலுவலகக் குமாஸ்தா. முடியாவிட்டால் பாலர் பள்ளி ஆசிரியை.

"கர்த்தர் பேசிட்டார்!" என்று மூப்பர் ரிசீவரை வைத்தார். வடை வந்தது.

அப்பாவிடம் ஓடினேன். "அது நான் சொன்ன பதில் இல்லப்பா" என்றேன். "மெஷினே சொல்லிருச்சும்மா, இனி பேச்சு வேணாம்" என்றார். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அந்த ஒரு வாரம்தான் இருந்தது. பெற்றவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. அடுத்த மாதமே நான் குமாஸ்தா வேலையில் சேர்வதென்று அப்பாவும் மூப்பரும் கை குலுக்கிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில் முழங்கால் போட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், என் ஜெபம் மரியாதையான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, உமக்கும் எங்கள் டெலிபோன் மாதிரி அடைத்துக்கொண்டதா? மூப்பர் சத்தம் மட்டும்தான் உமக்குக் கேட்குமா? அப்படியானால் எனக்கு நீர் வேண்டாம். இல்லை, நான் சொல்வதும் கேட்கிறது என்றால், என் வாயால் ஒருமுறை பேசவிடும்." அவ்வளவுதான். அழுதேன். பக்கெட் தண்ணீரில் முகம் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.

மறுநாள் டெலிபோன் அடியோடு செத்துவிட்டது. மணியும் அடிக்கவில்லை, சத்தமும் வரவில்லை. எண்ணெய் எங்கெங்கே இறங்கியதோ! அப்பா மூப்பரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாத்தானின் வேலை என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். வெளியே ஒரு பெண். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் மல்லிகைப்பூ, கையில் குடை, முகத்தில் கடுகடுப்பு. அப்பா அவள் நெற்றியைப் பார்த்ததுமே கொஞ்சம் பின்வாங்கினார்.

"சரோஜான்னு பேரு. சனிக்கிழமை உங்க வீட்டுக்கு போன்ல பேசினது நான்தான். காலேஜ்ல விலாசம் வாங்கி, தேக்காவுலேருந்து பஸ் பிடிச்சு வர்றேன், கால் ஒடிஞ்சு போச்சு லா. முதல்ல தண்ணி குடுங்க."

அப்பா கைகட்டி நின்றார். கம்ப்யூட்டரே வீடு தேடி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். "பதினேழு வயசுப் பொண்ணுன்னு காலேஜ்ல சொன்னாங்க. பேசுனது யாரு? ஆம்பளைக் குரல், அடித் தொண்டையில. எனக்குச் சந்தேகந்தான். ஆனா அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? நான் தட்டுறதை முழுங்கிட்டு எதையாவது துப்பும். அப்புறம் மறுபடியும் அடிச்சேன், அடிச்சேன், லைனே போகல. போன் மட்டும் வேலை செஞ்சிருந்தா நான் எதுக்கு இவ்ளோ தூரம் வரப்போறேன்? ரெண்டு கேள்வி கேட்டுட்டு வச்சிருப்பேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீதானா அது? உனக்கு என்னம்மா பிடிக்கும்?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அவர் முகத்துல ஒண்ணும் எழுதியில்ல. என்னைப் பாரு."

எங்கள் புளோக்குக்கு எதிரே புது மாடிவீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுவதும் தரைக்குள் தூண் அடிக்கிற சத்தம். அக்கம்பக்கம் முழுக்க அதைச் சபித்தது. எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னேன். ஜன்னலில் நின்று கண்ணை மூடிக்கொண்டே கேட்பேன் என்றேன். தூண் போய்க் கெட்டி மண்ணில் உட்காரும்போது சத்தம் மாறும், எனக்குத் தெரிந்துவிடும், அந்த மாதிரி வேலைதான் எனக்கு வேண்டும் என்றேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலப்பா."

அவர் சரோஜாவின் காலி டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு சரோஜாவிடம் மெல்லக் கேட்டார், "அப்ப, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"கம்ப்யூட்டர் இங்க இல்ல சார். நான்தான் இருக்கேன். பொண்ணு என்ஜினியரிங் படிக்கட்டும்."

அப்பா அன்றைக்கே சம்மதித்தார். வாரம் முடிவதற்குள் என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்தது. படித்தேன். இன்றைக்கு நான் சம்பளம் வாங்குகிற என்ஜினியர்.

இதில் எனக்குத் தாங்காத பகுதி ஒன்று உண்டு. விண்ணப்பம் அனுப்பிய அடுத்த ஞாயிறு மூப்பர் சபையில் எழுந்து, தான் பூசிய எண்ணெயால்தான் இந்த அற்புதம் நடந்தது என்று சாட்சி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்காகக் கடித்தேன். யோசிக்க யோசிக்க, பாவி மனிதர் சொன்னது உண்மை. எண்ணெய் ஊற்றாமல் இருந்தால் டெலிபோன் செத்திருக்காது. டெலிபோன் சாகாமல் இருந்தால் அந்தப் பொட்டு வைத்த பெண் என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டாள். கர்த்தருக்கு வேறு வழியா தெரியாது? ஆனால் இந்த மனிதரின் மூடத்தனத்தையே எடுத்து என் ஜெபத்துக்குப் பதிலாக்கிவிட்டார். அது எப்படி என்பது மட்டும் மூப்பருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதெல்லாம் நடந்து பத்து வருடம் கழித்து, போன மாதம்தான் என் பொறுப்பில் முதல் கட்டடம். முதல் தூண் இறக்குகிற காலை, அப்பா மூப்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அழைக்கவில்லை. சீன மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். மூப்பர் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டார். அதே மாதிரிப் போத்தல். எனக்கு அதே எரிச்சல்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஜெபியுங்கள். மரியாதையாக வராவிட்டால் கோபமாகவாவது ஜெபியுங்கள், அவருக்குக் கேட்கும். பதில் யார் கையால் வருகிறது என்று மட்டும் மூக்கைச் சுளிக்காதீர்கள். நான் சுளித்துப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

மூப்பர் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். தூண் இறக்குகிற இயந்திரத்தின் மோட்டார் இருக்கிற பக்கத்தை நான் உடம்பால் மறைத்துக்கொண்டு, வெறும் கான்கிரீட்டைக் காட்டினேன்.

"இங்க ஊத்துங்க மூப்பரே" என்றேன். "நிறையவே ஊத்துங்க."