வானத்துப் பெரியவரும் அவர் பெயரில் வந்தவனும்

எண்பதுகளில் நான் விளாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் டிவி புதிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இந்தித் தொடர் வரும். வேறு கிரகத்திலிருந்து வந்து பூமியில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர்தான் நாயகன். கசங்கிய கோட்டு, கலைந்த நரைமுடி. கையில் ஆயுதம் கிடையாது. எந்தச் சிக்கல் வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து யோசிப்பார்; பிறகு எதிரியிடமே போய்ப் பேசுவார்.

என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் இந்தி வராது. அதனால் என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, அவருக்காகப் பேசுவாள். கொம்பு முளைத்த ஒருவன் துப்பாக்கியை நீட்டினால், "ஏப்பா, எதுக்கு இம்புட்டுக் கோவம்? மொதல்ல சாப்பிட்டியா?" என்பாள். அவர் அதைத்தான் சொல்கிறார் என்று எனக்கும் தோன்றும்.

அந்தத் தொடரைப் படமாக எடுத்து, தமிழிலும் பேசவைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஓரகத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒருவழியா அவரு பேசுறது புரியப்போகுது, கெளம்புடி" என்று மேட்னிக்கு இழுத்துப் போனாள்.

படம் தொடங்கியது. பனியனைக் கிழிக்கும் உடம்போடு ஒரு வாலிபன் ராக்கெட்டிலிருந்து குதித்தான். பெரியவரின் பெயரைச் சொல்லி, அது தான்தான் என்றான். யோசிக்க அவனுக்கு நேரமே இல்லை. இரண்டு கையிலும் துப்பாக்கி. சுட்டு முடித்த கையோடு, வெள்ளிக் காகிதம் சுற்றியதுபோல் உடுத்திய ஒருத்தியோடு ஆடினான். "அண்டமே என் ஆணைக்கு அடங்கும்!" என்று அவன் கர்ஜித்ததும் விசில் பறந்தது.

ஓரகத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, மறைக்காதீக" என்றான் பின்வரிசைக்காரன்.

"யார்றா இவன்? நம்மாளு எங்க?" என்று அவனையே கேட்டாள்.

"அவருதான்க்கா இது. சின்ன வயசு."

"சின்ன வயசுல இம்புட்டு ரவுடியா இருந்தவன் எப்பிடிடா அப்பிடியொரு பெரிய மனுசன் ஆவான்?"

இடைவேளைக்குக்கூட நாங்கள் காத்திருக்கவில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "என்னக்கா, பெரிய சண்டையே இனிமேத்தான்" என்றார்.

"அதுக்குத்தாண்ணே போறோம்" என்றாள் ஓரகத்தி.

பேருந்தில் ஏறியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. படம் எடுத்தவன் அந்தத் தொடரை ஒரு வாரமாவது பார்த்திருப்பானா? ஒரு மனிதனின் வயதையும் பொறுமையையும் உருவி எறிந்துவிட்டு, பெயரை மட்டும் எடுத்து ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தான்.

மறுவாரம் எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் அதே படத்துக்குப் போய், பூரித்துப்போய்த் திரும்பினார்கள். "பாதியில எந்திரிச்சு வந்தீகளாமே? பொம்பளையாளுகளுக்கு இதெல்லாம் எங்க புரியும்?" என்றார் கணவரின் அண்ணன். ஓரகத்தி சோற்றுத்தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

அந்தப் படத்தில் புரிந்துகொள்ள என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.