சனிக்கிழமை குத்திய ஊக்கு

சூடாமணிக்குக் கோபம் வந்தால் உடனே குரல் உயராது. கண்ணில் மாட்டியிருக்கும் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். மதுரை கோரிப்பாளையம் சிக்னலை ஒட்டிய அவளுடைய செல்போன் சர்வீஸ் கடைக்கு வந்து போகிறவர்களுக்கு அது தெரியும். கண்ணாடி கீழே வந்தால் யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

அன்று திங்கட்கிழமை, மணி பன்னிரண்டே கால். எதிரே வியர்த்து நின்றவர் காளை. எழுமலைப் பக்கத்து விவசாயி.

"சார்ஜே ஏற மாட்டேங்குது தாயி. நேத்தோட சுத்தமா செத்துப்போச்சு. ரெண்டு மணிக்குள்ள கலெக்டர் ஆபீஸ்ல இதைக் காட்டி மனுக் கொடுக்கணும்."

போனுக்குள் ஒரு வீடியோ இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மொக்கையன் எல்லைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கி, காளையின் நிலத்துக்குள் நாலடி தள்ளி நட்ட வீடியோ. வேறு சாட்சி கிடையாது. மகள் அஸ்வினிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் கிடைத்த சிக்னலுக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது.

சூடாமணி விளக்கைச் சாய்த்து சார்ஜ் போடும் ஓட்டைக்குள் பார்த்தாள். எதிர்பார்த்ததுதான். திருநீற்றுப் பொட்டலமும் போனும் ஒரே சட்டைப் பையில். பைத் துணியின் பஞ்சும் திருநீறும் வியர்வையில் குழைந்து சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தன. வாரத்துக்கு நாலு போனாவது இப்படி வரும்.

"ஏண்ணே, திருநீறை நெத்தியில பூசுவீங்களா, போனுக்கு ஊட்டி விடுவீங்களா?"

காளை அசடு வழியச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே நாக்கு மாதிரி நீட்டியிருந்த நடுத் தகட்டில் புதுக்கீறல் ஒன்று மின்னியது. தகட்டின் ஒரு பக்கத்துப் பொடிக்கம்பி மடங்கியிருந்தது.

"ஊக்கு விட்டுக் குத்துனது யாரு?"

"நான் குத்தலை தாயி. சனிக்கிழமை இங்கதான் கொண்டாந்தேன். நீ இல்ல. இந்தத் தம்பிதான் பார்த்துச்சு. ஊக்கால நோண்டி, வாயால ஊதி, சார்ஜர்தான் சரியில்ல, மாத்துங்கன்னுச்சு."

தம்பி என்றது அவள் புருஷன் ஹரிராமை. சனிக்கிழமை அவள் வண்டியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வேலை கற்றவள் அவள். பத்து வருஷமாக லென்சில் கண்ணைக் கொடுத்துச் சேர்த்த பெயர். அவர் பார்ப்பது கவர், கண்ணாடி ஒட்டுகிற வியாபாரம். போனைத் திறக்கக் கூடாது, குத்தக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

வாடிக்கையாளர் முன்னால் இருவரும் சண்டை போடுவது வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில்தான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எதையும் சொல்லிக்கொள்ளலாம். ஹரிராம் இப்போதும் கவர்களை அடுக்கிக்கொண்டே அந்தப் பாஷையில் முணுமுணுத்தார்: அந்த ஆளே வீட்டில் குத்திக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிடு, நம் தலையில் எதற்கு?

சூடாமணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பதில் தமிழில் வந்தது.

"அவர் மேல பழி போடச் சொல்றீங்களா? நீங்க குத்துனதுக்கு?"

ஹரிராமின் கையிலிருந்த கவர்கள் சரிந்தன. "ஏய், மெதுவா..."

"எதுக்கு மெதுவா? கேக்கட்டும். போனை ஆஃப் பண்ணாம இரும்பை உள்ள விட்டா ஷார்ட் ஆகும்னு தெரியுமா தெரியாதா? வாயால ஊதுனா எச்சி ஈரம் உள்ள போகுமா போகாதா? அவர் நிலமே போயிருக்கும் உங்களால!"

ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காளைக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "விடு தாயி, தெரியாமப் பண்ணிருச்சு."

"தெரிஞ்சுதாண்ணே பண்ணினாரு. நீங்க உக்காருங்க."

கண்ணாடியை மாட்டினாள். பவர் பட்டனை அழுத்திப் பார்த்து, போன் அணைந்தேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். மூங்கில் பல்குச்சியைப் பிளேடால் சீவி மெலிதாக்கி, நடுத் தகட்டைத் தொடாமல் ஓரத்தோடு விட்டு, இறுகியதைப் பெயர்த்தாள். போனைக் கவிழ்த்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினாள். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தாள். மறுபடி குச்சி, மறுபடி பிரஷ். மடங்கிய கம்பியை முள்முனை இடுக்கியால் நிமிர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. ஹரிராம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

வயரைச் செருகினாள். ஒன்றுமில்லை. காளை எழுந்து நின்றுவிட்டார். வயரைப் புரட்டிச் செருகினாள். திரையில் பேட்டரிப் படம் எரிந்தது.

"ஒரு பக்கம்தான் புடிக்குது. ஓட்டையையே மாத்தணும், அது அப்புறம். முதல்ல வீடியோ."

மூன்று சதவீதம் ஏறியதும் தன் போனுக்கு வீடியோவை இழுத்துக்கொண்டாள். ஓட்டிப் பார்த்தாள். மொக்கையன், கடப்பாரை, கல். எல்லாம் தெளிவாக இருந்தது. மணி ஒன்றரை.

"கிளம்புங்கண்ணே, நானே கொண்டுபோய் விடுறேன். வழியில உங்க போன் அணைஞ்சாலும் என் போன்ல காட்டலாம்."

"நான் வேணா கூட்டிட்டுப் போறேனே," என்றார் ஹரிராம்.

"வேணாம். நீங்க வெளிய வாங்க." ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் கடையைப் பூட்டியதே இல்லை.

ஸ்கூட்டர் சிக்னலைத் தாண்டும்போது காளை பின்னாலிருந்து கெஞ்சினார். "எனக்காக அந்தத் தம்பியத் திட்டாத தாயி."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே," என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள் சூடாமணி.