ராட்டினத்தில் ஏறிய வெண்டல்

அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வேலியோரமாக நடக்கும்போது வெண்டல் டிரிக்ஸிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எத்தனை அடி என்று அந்தச் சக்கரமே காட்டிவிடும். ஆனாலும் அவர் உதடசைத்துத் தானும் ஒவ்வோர் அடியாக எண்ணுவார். முடிவில் இரண்டும் ஒத்துப்போனால் சின்னதாய் ஒரு தலையசைப்பு. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "மெஷினுக்கும் தப்பலாம், எனக்கும் தப்பலாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தப்பாதுல்ல?" என்பார்.

எங்கள் பள்ளத்தாக்கில் செப்டம்பரில் நடப்பது பெயருக்குத்தான் ஆப்பிள் திருவிழா. கூட்டமெல்லாம் மைதானத்தின் வடக்கு மூலையில், எட்டடி வேலி கட்டிய இடத்துக்கு வரும். அங்கே மூன்று நாள் கஞ்சா விற்கலாம். வாங்கியவர்கள் அங்கேயே ஒரு பக்கம் உட்கார்ந்து புகைக்கவும் செய்யலாம். எல்லாம் சட்டப்படி, தற்காலிக அனுமதியோடுதான். அந்த அனுமதித்தாளில், கடை திறக்கும் காலையில், கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியவர் வெண்டல்.

மாநில அரசு அவரை இந்த வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் முட்டை ஆய்வாளர். ஊரில் இன்றைக்கும் 'முட்டை வெண்டல்' என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "முட்டை பொய் சொல்லாது. வெளிச்சத்துல புடிச்சா உள்ள இருக்கறது தெரிஞ்சிரும். உங்க கஞ்சா டப்பாவெல்லாம் அப்படியா?" என்று திருப்பிக் கேட்பார். மதியச் சாப்பாடும் முட்டைதான். அவித்தது இரண்டு, காகிதத்தில் மடித்த உப்பு, சொந்தத் தண்ணீர், சொந்த மடக்கு நாற்காலி. கஞ்சா பயிரிட்டு அங்கே கடை போடும் எங்களிடம் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மாட்டார். ஆனால் எங்கள் காபிக் கோப்பைகளை ஒன்றுவிடாமல் முகர்ந்து பார்ப்பார். வேலிக்குள் மது கூடாது என்பது விதி. எங்களில் ஒருவரான கிழவர் ஹார்லன் தன் தோட்டத்து ஆப்பிள் சாறு என்று ஒரு குடுவை கொண்டுவந்தபோது, ஒரே முகரலில், "இது சாறா இருந்தது போன வாரம்" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

நான் வாசல் மேசையில் வயது பார்த்துக் கைப்பட்டை கட்டுகிறவள். இருபத்தொன்று நிரம்பாதவர் உள்ளே போகக் கூடாது. முதல் வருஷம் வெண்டலைப் பார்த்ததும், தலை முழுக்க நரைத்த மனிதர்தானே என்று "போங்க போங்க" என்றேன். உள்ளே போகாமல் அங்கேயே நின்று ஒரு குற்றக் குறிப்பு எழுதி என் கையில் கொடுத்தார். "எங்கிட்ட ஏம்மா வயசு பாக்க டிரைவிங் லைசென்ஸ் கேக்கல?" அன்றிலிருந்து அவர் ஒரு நாளில் எட்டு முறை வந்தாலும் எட்டு முறையும் கேட்கிறேன். அவரும் எட்டு முறையும் காட்டுகிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, ஏன், கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் எங்களிடம் சிக்கினார். உயரம். கூடாரத்து உச்சியில் தைத்திருக்கும் தீத்தடுப்பு முத்திரையைப் படிக்க ஏணி கொண்டுவந்து சாத்தினால், இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவார். பிறகு இறங்கி, பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்துத் தரையில் நின்றபடியே படிப்பார். "என்ன வெண்டல், நிலாவுல ஏதும் தெரியுதா?" என்று ஹார்லன் சீண்டுவார்.

போன செப்டம்பரில் மைதானத்தின் தென்பக்கம் குழாய் உடைந்து சேறாகிவிட்டது. வழக்கமாக அங்கே நிற்கும் ராட்சத ராட்டினத்தை எங்கள் வேலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. வெண்டல் வேலியை அளந்தார், கோப்பைகளை முகர்ந்தார், டப்பா முத்திரைகளைப் பார்த்தார். எல்லாம் சரி. பேனாவைத் திறந்தவர், அண்ணாந்து பார்த்தார்.

"அதுல சின்னப் புள்ளைங்க ஏறுவாங்களா?"

"பின்ன, நீங்களா ஏறுவீங்க?" என்றார் ஹார்லன்.

"மேலேர்ந்து பாத்தா உள்ள தெரியுமா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். புகைக்கும் இடம் வெளியிலிருக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது. அது தப்பினால் விற்பனையும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே வரைபடம், ஒரே அனுமதி. பதினொரு மணிக்குத் திறக்க வேண்டும், அப்போது மணி ஒன்பதரை.

எனக்குப் பக்கத்தில் நின்ற நெல் மஸ்ஸோனிக்கு முகம் வெளுத்துவிட்டது. கணவன் போன பிறகு தனியாளாகப் பயிர் செய்கிறவள். எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் வாங்குகிறவரை நேரில் பார்த்து விற்க முடிவது இந்த மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் தரகன் சொன்னதுதான் விலை. போன வருஷத்து மகசூல் அவள் கொட்டகையில் அப்படியே கிடந்தது. "இந்தத் தடவ நடக்கலேன்னா பயிர் லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடுவேன். என்னால முடியலடி" என்று அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் அழுதிருந்தாள்.

"தெரியாதுன்னு எழுதிட்டுப் போங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் ஹார்லன்.

"நான் பாக்கலையே."

"அப்ப வேற யாராவது ஏறிப் போட்டோ எடுத்துட்டு வரட்டும்."

"கையெழுத்து என்னோடதுதானே?" என்றவர், என் மேசையைத் தாண்டி ராட்டினத்துக்குப் போனார்.

ராட்டினம் ஓட்டுகிற பெண் சூயிங்கம் மென்றபடி கம்பியைப் பூட்டினாள். "பெரியவரே, கெட்டியாப் புடிச்சுக்கங்க. கீழ மட்டும் பாக்காதீங்க."

"கீழ பாக்கத்தாம்மா ஏறுறேன்."

ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தார். "என்ன தெரிஞ்சுது?" என்று நெல் ஓடினாள்.

"ஒண்ணும் தெரியல."

நாங்கள் கூவிவிட்டோம். அவர் கையைத் தூக்கி அடக்கினார். "இருங்க, இருங்க. கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? எனக்கு அவர்மேல் வந்த கோபமும் மரியாதையும் ஒரே அளவு.

மறுபடி ஏறினார். இம்முறை இறங்கியதும் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தார். "நடு பெஞ்சுல ஹார்லன் உக்காந்து பைப்ப பத்த வெக்கிறாரு. தொப்பி இல்ல. வழுக்கை மின்னுது."

நெல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெண்டல் அவளைப் பார்த்தார், பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எப்படிச் சரி பண்ணணும்னு நான் சொல்லக் கூடாது. அது என் வேலை இல்ல." இன்னொரு பக்கம் புரட்டினார். "ஆனா நாலு பக்கமும் காத்து போச்சுன்னா, மேல நிழல் கட்டக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல."

அடுத்த அரைமணி நேரம் நாங்கள் பறந்ததைச் சொல்லி முடியாது. ஆப்பிள்காரர்களின் தார்ப்பாய், மாட்டுக் கொட்டகையின் நிழல்வலை, நெல் தன் வண்டியிலிருந்து உருவிய பச்சைத் துணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டினோம். பார்க்க ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருந்தது. ஹார்லனைத் தொப்பியில்லாமல் அதே நடு பெஞ்சில் உட்காரவைத்தோம்.

வெண்டல் மூன்றாம் முறையாக ராட்டினத்தை நோக்கி நடந்தார். நெல் பின்னாலேயே போனாள். "சரியா இருந்தா மேலேர்ந்தே கையக் காட்டிடுங்க, வெண்டல். நீங்க இறங்கற வரைக்கும் என் நெஞ்சு தாங்காது."

"கம்பிய விட்டுக் கைய எடுக்க மாட்டேம்மா. எடுத்தா செத்துருவேன். இறங்கி வந்து சொல்றேன்."

ராட்டினம் உச்சியில் நின்றது. பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. வெண்டல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், தலையைத் தாழ்த்தி இன்னொரு தடவை பார்த்தார். உதடு அசைந்தது. தார்ப்பாய்களை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த நெல்லின் நகம் தோலில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய வலது கை மெதுவாகக் கம்பியை விட்டது. தலைக்கு மேலே உயர்ந்து எங்களைப் பார்த்து ஆடியது. நெல் "அம்மாடி!" என்று என் தோளில் சாய்ந்தாள். மேலே, வெண்டல் தன் இடது கையையும் எடுத்தார்.