பக்கத்து மேசையின் திரை

எங்கள் கணக்குப் பிரிவில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன பிறகு, அலுவலகத்துக்கு வர நான் ஒருத்திதான் மிஞ்சினேன். தபால் வாங்கி வைக்க ஒரு ஆள் வேண்டுமென்றார்கள், நானே முன்வந்தேன். அம்மா போன பிறகு வலியசாலை வீட்டில் பேச ஆளில்லை. வழுதக்காட்டில் அலுவலக மாடிக்குப் போனால் கீழே காவல்காரராவது "வந்நோ?" என்று மலையாளத்தில் கேட்பார்.

மாடியில் அதுவும் இல்லை. வெளியே குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். ஜன்னலை எப்படிச் சாத்தினாலும் செம்மண் தூசி உள்ளே வந்து, ஆளில்லாத மேசைகளின் கணினித் திரைகளில் படிந்தது.

ஒருநாள் என் பக்கத்து மேசைக்காரி போன் செய்தாள். பல வருஷம் மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொண்டவள். கணவனுக்குக் கண்ணூரில் வேலை. அவளும் வேலையை விடுகிறாளாம். மறுநாள் வந்து சாமான்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அவள் வரும்போது மேசை அப்படிக் கிடக்கக் கூடாதென்று தோன்றியது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைத் திரைமேல் பீய்ச்சி, டிஷ்யூ காகிதத்தால் தேய்த்தேன். தூசி போய், வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. பயந்துபோய் எங்கள் கணினி எஞ்சினியரை அழைத்தேன். நாகர்கோவில்காரர். அவரும் இப்போது வீட்டிலிருந்துதான் வேலை. பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது.

"டிஷ்யூவா? ஐயோ அக்கா, அது கண்ணாடி இல்ல. மேல மெல்லிசா ஒரு பூச்சாக்கும். அந்த மருந்து அத அரிச்சிரும், டிஷ்யூ கீறிரும்."

"கெட்டே போயிடுத்தா?"

"பதறாதீங்க. இப்ப விட்டதுதானே, துடைச்சா போயிரும். முதல்ல அணச்சுட்டு பிளக்க உருவுங்க. சூடு ஆறட்டும்."

அவர் சொன்னபடி செய்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்த மிருதுவான துணியால் முதலில் உலர்ந்த தூசியை எடுத்தேன். பிறகு இன்வெர்ட்டருக்கென்று வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்தேன்.

"தண்ணிய துணியிலதான் விடணும், திரையில நேரா விடப்பிடாது. கீழ வழிஞ்சு உள்ள போயிரும். அமுக்காதீங்க. மேலருந்து கீழ, லேசா."

போனை மேசையில் வைத்துவிட்டு மெல்லத் துடைத்தேன். அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. குழந்தைகளை அதட்டுவதும் குக்கர் விசில் அடிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டுச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! திட்டுகள் போன பிறகும் "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

ஈரம் முழுக்கக் காய்ந்தபின் திரையைப் போட்டுப் பார்த்தேன். சுற்றுலா போன கல்லாற்றில் பாறைமேல் உட்கார்ந்து எங்கள் பிரிவே சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் நான் இல்லை. எடுத்தவள் நான்.

மறுநாள் அவள் அவசரமாக வந்தாள். கீழே கார் காத்திருந்தது.

"எந்தா சேச்சி, புது மானிட்டரா?"

"பழசுதான்டி. துடைச்சேன்."

"எனக்கு வேண்டியா?"

"பின்னே? உனக்காகத்தான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து கணினியில் தன் பயனர் கணக்கை அழித்தாள். படம் போய் வெறும் நீலம் வந்தது. சால்வையையும் டீ கப்பையும் பையில் போட்டுக்கொண்டாள். "கண்ணூருக்கு வரணும் கேட்டோ" என்றாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் மாடிவரை கேட்டது.

அதன்பின் மற்றத் திரைகளையும் நாளுக்கு ஒன்றாகத் துடைத்தேன். சந்தேகம் கேட்பதுபோல் இரண்டொரு தடவை எஞ்சினியரை அழைத்தேன். மூன்றாம் தடவை, "உங்களுக்கு இப்ப என்னைவிட நல்லாத் தெரியுமேக்கா" என்று சிரித்தார். சரிதான். மறுபடி கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனி அந்த மாடியைக் காலி செய்தது. மாடியோடு மேசைகளையும் திரைகளையும் வேறொரு நிறுவனம் அப்படியே எடுத்துக்கொண்டது. என்னிடம் தங்கிவிட்ட சாவியைக் கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டு மாடியேறினேன்; எல்லா இருக்கையிலும் ஆட்கள். என் பக்கத்து மேசையில் ஒரு பெண், தோழிக்கு எதையோ காட்ட விரல்நுனியைத் திரையில் அழுத்தினாள். தொடாதே என்று வாய்வரை வந்தது. அவள் நிமிர்ந்து, "ஆரெயா காணண்டே?" என்று மரியாதையாகக் கேட்டாள். யாரைப் பார்க்க வேண்டுமாம். யாரையுமில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.