இரண்டாவது அடி

மொன்ட்ரியாலில் நடந்த ஜெர்மானியரின் அக்டோபர் பியர் விழாவுக்கு மகன் கூட்டிப்போனான். ஓர் இளவரசனின் கல்யாணத்துக்கு ஊரையே அழைத்ததில் தொடங்கிய விழாவாம். பீப்பாயில் குழாயைச் செருக ஒருவர் சுத்தியலால் அடித்தார். கூட்டம் அடிகளை எண்ணியது. நானும் எண்ணினேன்.

எனக்கு எட்டு வயதில், யாழ்ப்பாணத்தில், அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளையை வரவேற்க அப்பா கல்லில் தேங்காய் அடித்தார். உடையவில்லை.

"அபசகுனம். வா, போவம்" என்று மாப்பிள்ளையின் தாய் திரும்பினார். அக்கா வெளிறிப்போனாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "அம்மா, முரண்டு பிடிக்கிறது தேங்காய், பொம்பிளையில்லை. மாமா, இன்னொண்டு போடுங்கோ!"

இரண்டாவது அடியில் உடைந்தது.

இங்கே ஐந்தாவது அடியில்தான் பியர் பீறிட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மண்டபமே எழுந்து ஆரவாரித்தது. என்ன அருமையான சனங்கள்!

"எங்கட ஊரெண்டால் இதுக்குள்ள நாலு கல்யாணம் குழம்பியிருக்கும்" என்றேன் மகனிடம்.