சந்தனம் வைத்த நட்டுகள்

என் மனைவி மாரித்தாயின் வலது கையை முடமாக்கியவன் நான். அவளுடைய தம்பி முனீஸ்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஊரைச் சொல்ல வைத்தவனும் நான்தான்.

எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நாளைக்கு உங்கள் முகத்தில் நான் விழிக்கப் போவதில்லை. மன்னித்தேன் என்று தலையைத் தடவ வராதீர்கள். உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆமத்தூரில் வீடு. செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோவிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் வண்டிச் சாவியைத் தொட மாட்டேன். வண்டி என்பது ஒரு பழைய ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. திருத்தங்கல் அச்சகங்களில் லேபிள் கட்டு, அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவேன். கம்பெனிகள் கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. ஒரு மழை பெய்தால் மற்ற வண்டிகள் பாதி டயர் புதைந்து நிற்கும். என் ஜீப் மட்டும் போகும்.

முனீஸ் மெக்கானிக். திருத்தங்கல் மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன், கெட்ட வாய்.

எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்:

"எங்க மச்சான் வண்டிக்கு என்ன குறைச்சல்? தெனமும் பொட்டு வைக்காரு, பூ வைக்காரு. ஆயில் மட்டும்தான் ஊத்த மாட்டாரு. அதை ஆத்தா பாத்துக்கிடுவா."

பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த மாரித்தாயும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

வெறும் கேலிதானே என்பீர்கள். நீங்கள் கும்பிடுகிற சாமியை உங்கள் வீட்டுப் பந்தியிலேயே ஒருவன் சிரிப்புக்கு இழுத்திருந்தால் அப்போது பேசுங்கள்.

ஒரு புரட்டாசியில், முன்பக்க இடது சக்கரத்தில் போல்ட் ஒடிந்தது. சீசன் நேரம். வண்டி நின்றால் பிழைப்பு நிற்கும். வேறு வழியில்லாமல் அவனிடமே போனேன். சக்கரம் உட்காருகிற இரும்புக் குடத்தை ஹப்பு என்பார்கள். அதிலிருந்த எல்லாப் போல்ட்டையும் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டான். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கினான். முறுக்கிக்கொண்டே சொன்னான்:

"மச்சான், காதைக் குடுத்துக் கேளுங்க. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்பும் இரும்பும்தான் ஒட்டணும். கிரீஸு, பெயிண்டு ஒண்ணும் இருக்கப்படாது. இருந்துச்சுன்னா ஓட்டத்துல நசுங்கி உதிரும், நட்டு லூசாயிரும். நீங்க ஃபோர் வீல் போட்டுச் சேத்துல இழுக்கீக, அம்புட்டு முறுக்கும் இந்தப் போல்ட்டுலதான் விழும். புதுப் போல்ட்டு ஓடித்தான் உக்காரும். ரெண்டு லோடு அடிச்சிட்டுத் திருப்பிக் கொண்டாங்க, இன்னொருக்க முறுக்கித் தாரேன்."

"சரி மாப்ளே."

"சரின்னா வரணும். ஆத்தா வந்து முறுக்குவான்னு இருந்திராதீக."

பட்டறையில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள்.

நான் திரும்பப் போகவில்லை. நேரம் இல்லாமலா? அவன் பட்டறை வாசல் வழியாகத்தான் தினமும் போனேன், வந்தேன். அவன் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆயுத பூசை நெருங்கியது. பொட்டு வைக்கிறேன் என்றுதானே கேலி செய்தான்... இந்த வருடம் வண்டி தேர்போல இருக்க வேண்டும் என்று வீம்பு வந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். சக்கரத்துக்குச் சிவப்பு, ஹப்புக்கு வெள்ளி நிறம். இரும்பும் இரும்பும் ஒட்ட வேண்டிய இடத்திலும் தூரிகையை இழுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

அவன் சொன்னது மறந்துபோய் அடித்தேனா? இல்லை, அவன் சொன்னான் என்பதற்காகவே அடித்தேனா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். பதில் தெரியும்போல இருக்கும்... அந்த இடத்தில் எழுந்து கோவிலுக்குப் போய்விடுவேன்.

பெயிண்ட் முழுக்கக் காயும்முன் சக்கரங்களை மாட்டினேன். அப்படியே சீசன் லோடு அடித்தேன், மழைச் சேற்றில். பூசையன்று காலையில் வண்டியைக் கழுவி ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். கையால் ஒரு நட்டைத் தொட்டு ஆட்டிப் பார்த்திருக்கலாம். பொட்டு வைத்த கை அது, தொடத்தானே செய்தது?

ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியில்தான் எடுப்போம். எங்கள் வீட்டில் அந்த முறை தவறியதே இல்லை. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மாரித்தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிவகாசிக்குக் கோவிலுக்குப் புறப்பட்டேன்.

வழியிலேயே சத்தம் வந்துவிட்டது. கடக்... கடக்... ஸ்டீயரிங் கைக்குள் உதறியது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அம்மன் நம்ப மாட்டாள்.

நிறுத்தி முறுக்கலாம் என்றால் ஸ்பேனர் வீட்டில். முன்னால் ஒரே ஒரு இடம் இருந்தது. முனீஸ் பட்டறை. சாமி முன்னால் வைத்த ஸ்பேனராக இருந்தாலும், நட்டு லூசு என்றால் எடுத்துக்கொண்டு ஓடி வருகிற ஆள் அவன்.

அவன் வாசலில் சூடம் கொளுத்திக்கொண்டு நின்றான். ஜீப் வருவதைப் பார்த்தான். சக்கரம் ஆடுவதையும் பார்த்துவிட்டான். தட்டைக் கீழே போட்டுவிட்டு நடு ரோட்டுக்கே ஓடி வந்தான், இரண்டு கையையும் வீசிக்கொண்டு.

"நிறுத்துங்க! மச்சான், நிறுத்துங்க!"

"ஏங்க, தம்பி கூப்பிடுதான்" என்றாள் மாரித்தாய்.

"நக்கலடிக்கக் கூப்பிடுதான். நல்ல நாளும் அதுவுமா அவன் வாயில விழணுமாக்கும்."

சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

திருத்தங்கலைத் தாண்டி ஒரு வளைவு. எங்கள் சக்கரம் எங்களுக்கு முன்னால் ஓடிப் போனது, சிவப்பாக... ஜீப் இடப்பக்கமாகக் கவிழ்ந்து ரோட்டோடு தேய்ந்தது. மாரித்தாய் அப்போது தம்பியைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பை முறுக்கி, வலது கையால் தன் இடப்பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தாள். கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்தக் கை மாட்டியது.

பைக்கில் துரத்திக்கொண்டு முதலில் வந்தவன் முனீஸ். அக்காளைத் தூக்கி ஒரு காரில் ஏற்றினான். பிறகு ஹப்புக்கு முன்னால் குத்தவைத்து விரலால் தேய்த்தான். விரலில் வெள்ளி ஒட்டியது.

"இதுல பெயிண்ட் அடிச்சது யாரு?"

கூட்டம் கூடியிருந்தது. நான் சொன்னேன்: "போல்ட்டு மாத்துனது நீ. பேச்சை மாத்தாத."

கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மாரித்தாய் கேட்டாள்: "தம்பி எதுக்குங்க அப்படி ஓடி வந்தான்?"

அங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு புரண்டது, ஆனால் வேறு பக்கமாக.

"தான் முறுக்காம விட்டது அவனுக்குத் தெரியும். அதான் ஓடி வந்தான். ஒண்ணும் தெரியாதவன் எதுக்கு நடு ரோட்டுக்கு வரணும்?"

பார்த்தீர்களா? அவளைக் காப்பாற்ற ஓடி வந்த ஓட்டத்தையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கினேன். எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். இதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

அவன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். "அக்கா, பெயிண்டப் பத்தி மச்சான்ட்ட கேளு" என்றான்.

"கையை ஒடிச்சது பத்தாதுன்னு குடும்பத்தையும் ஒடிக்க வந்தியாலே?" என்று கதவைச் சாத்தினாள். நான் உள்ளே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

சொந்த அக்காள் கையை ஒடித்தவன் என்று பெயர் விழுந்த பிறகு பட்டறைக்கு யார் வண்டி விடுவார்கள்? மூடினான். இப்போது இன்னொருத்தர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறான்.

மாரித்தாயின் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. எங்கள் பக்கத்தில், தாங்க முடியாத துரோகம் நடந்தால் அம்மன் கோவிலில் காசு வெட்டிப் போடுவார்கள். துரோகம் செய்தவனை அவள் கேட்டுக்கொள்வாள். மாரித்தாய் அதைச் செய்தே தீர வேண்டும் என்றாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பெயரைச் சொல்லச் சொன்னார் பூசாரி. தம்பி பெயர் அவள் வாயில் வரவில்லை. அழுதுகொண்டே, "என் கை இப்படிப் போக எவன் காரணமோ, அவனை நீ பாத்துக்க தாயே" என்றாள்.

உளி இறங்கிக் காசு இரண்டானது. நான் அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். அன்றிலிருந்து சாமி கும்பிடும்போது அம்மனின் முகத்தை நான் பார்ப்பதில்லை. பாதத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமன் மாலை போடாமல் எங்களில் பெண் மணையில் உட்கார மாட்டாள். மாரித்தாய் இறங்கி வந்தாள். வெட்டிய காசைத் திருப்பிக்கொள்ள இரண்டு தரப்பும் சந்நிதிக்கு வர வேண்டும். செய்தவன் ஈரத் துணியோடு நின்று செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லியனுப்பினோம். அவன் வர மாட்டான் என்றுதான் நம்பினேன். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான்.

"செஞ்சது யாருப்பா?" என்றார் பூசாரி.

முனீஸ் என்னைப் பார்த்தான். நான் பேசுவதற்கு அவன் இடம் விட்டான். அது எனக்குப் புரிந்தது. நான் அம்மன் பாதத்தைப் பார்த்தேன்.

"நான்தான். நட்டைச் சரியா முறுக்காம விட்டுட்டேன். என் அக்கா மகளுக்கு நான் மாலை போடணும்" என்றான்.

மாரித்தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே வரும்போது என் காதருகே வந்தான். "உங்களுக்காகன்னு நெனச்சிராதீக மச்சான். உங்க மூஞ்சில காறித் துப்புனா அக்கா மேல தெறிக்கும்."

இதற்குப் பிறகாவது எனக்கு அவன்மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னைவிட அதிகமாக வெறுக்கிறேன். அவன் முன்னால் நான் எப்போதும் ஈரத் துணியோடு நிற்பதுபோல இருக்கிறது... வெட்டிய காசின் சாபமும் இறங்கவில்லை. செய்யாதவன் ஒப்புக்கொண்டால் எப்படி இறங்கும்?

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. மாரித்தாய் தம்பியை என் பக்கத்தில் உட்கார வைத்தாள். இடது கையால் கரண்டி பிடித்துப் பரிமாறினாள். குழம்பு கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது.

"அன்னைக்கு நீ ஒழுங்கா முறுக்கியிருந்தேன்னா, இன்னைக்கு உனக்குச் சோத்துக் கையால போட்டிருப்பேன்ல?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மன்னித்த பிறகு அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. பந்தியும் சிரித்தது.

"ஆமாக்கா" என்றான் முனீஸ், தலை நிமிராமல். "மச்சான் இலை காலியா இருக்கு பாரு. அவருக்குப் போடு."

அவள் எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.